பின்வலது காம்பு

கோலகெட்டிலில் வெளிச்சம் வருமுன்
மூன்று காம்பில் பால் வந்தது.
நான்காவதில்
தயிருக்கும் சீழுக்கும் நடுவே ஏதோ ஒன்று
திரிதிரியாய் விரலில் ஒட்டியது.
சந்தனி காலைத் தூக்கினாள்.
ஏழு வருஷத்தில் முதல் உதை.
வாளி தப்பியது, நான்தான் கவிழ்ந்தேன்.

மடியின் ஒரு பக்கம் மட்டும்
செம்பனைக் குலைபோல் இறுகி
தொட்டால் சுட்டது.

இலாகா வண்டி பத்தரைக்கு வந்தது.
டாக்டர் ரோஸ்னானிக்குத் தமிழில் மூன்று சொல் தெரியும்:
மாடு, வலி, பொறு.
மூன்றையும் சந்தனியிடமே சொன்னார்.

நான்கு குழி வைத்த வெள்ளைத் தட்டு.
குழிக்கு ஒரு பீச்சல், மேலே ஊதா மருந்து.
மெல்லச் சுழற்றினார்.
மூன்று குழி தண்ணீராய் ஓடின.
நான்காவது
அகர் அகர் மாதிரி திரண்டு நின்றது.

இது முழுக்கக் கிருமி இல்லை, என்றார் மலாயில்.
கிருமியைத் துரத்த ஓடிவந்த
இவளுடைய அணுக்களும்தான்.
வந்தவை வந்த வேலையோடு நிற்பதில்லை,
பால் சுரக்கும் அறைகளுக்கும் தீ வைக்கின்றன.
அதனால் இரண்டு மருந்து.
காம்பு வழியே ஒன்று, கிருமிக்கு.
கழுத்தில் ஒன்று,
காப்பாற்ற வந்தவர்களிடம்
போதும், அடங்குங்கள் என்று சொல்ல.

கொல்வது எனக்குப் புரிந்தது.
இரண்டாவது ஊசியைத்தான்
ராத்திரி புரண்டு புரண்டு யோசித்தேன்.
லயத்தை உடைக்க வந்த அன்று
எங்களுக்காகச் சண்டைபோட வந்த கூட்டம்
எங்கள் வேலியைத்தான் மிதித்துப் போட்டது.

கடைசிக் குழாய்க்குப் பிறகும் நான்கு நாள்
பால் யாருக்கும் கிடையாது.
நான்கு காம்பிலுமா?
நான்கிலும்தான். ரத்தம் ஒன்றுதானே.
கன்றுக்கும் கூடாது.

காசிம் பாய் கடைக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன்:
தே தாரேக்குக்கு டின் பாலையே ஊற்றுங்கள்.
கோயில் பொருளாளர் அம்பலவாணர்தான் விடவில்லை.
'வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குத்தானே கேட்கிறேன்,
சாமி என்ன குடிக்கவா போகுது?'
சாமி குடிக்காது, அண்ணே.
கோமுகியின் கீழே கையேந்துகிற பிள்ளைகள் குடிக்கும்.
கொஞ்ச நேரம் போனில்
ஏதோ பூஜையின் மணி மட்டும் கேட்டது.

ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர்.
செம்பனை மரத்தடியில் குழி வெட்டி ஊற்றினேன்.
மண் உடனே வாங்கிக்கொள்ளவில்லை.
பூனையை விரட்டிக்கொண்டு நான் நிற்க,
குலை வெட்டும் கம்போடு போன ஷோஹாக்
குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றினான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.
வண்டி ஏறுமுன் டாக்டர்
என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பினார்.
கையுறை ஆலையில்
குளோரின் தொட்டி பக்கம் எட்டு மணி நேரம்;
குறுக்கும் நெடுக்குமாய் வெடிப்பு.
உலகத்துக்கெல்லாம் உறை தைத்தனுப்பாத குறையாக
உருக்கி வார்க்கிறோம்,
என் கை வெறுங்கை.
அந்த வெடிப்பில் எது குடியிருந்தது,
எந்த விடியலில் இடம் மாறியது,
அவர் சொல்லவில்லை.
காம்பு முக்கக் கொடுத்த அயோடினில்
விரலையும் முக்கச் சொன்னார்.
எரிந்தது. நல்லா எரியட்டும் என்று வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மடியில் சுருக்கம் திரும்பியது.
சூடு இறங்கிவிட்டது.
பின்வலது மட்டும் அரை லிட்டர் குறைவு,
கருகிய அறைகள் கருகியவைதானாம்.

ஒன்பதாம் நாள் தட்டில் நான்கு குழியும் ஓடின.
ஆலையில் கழித்துப்போட்ட உறை ஒரு ஜோடி
மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
சந்தனி கழுத்தைத் திருப்பி
என் நீலக் கைகளை முகர்ந்தாள்.
நான்தான்டி, என்றேன்.
நம்பவில்லை.
நெடுநேரம் வெறுங்காம்பைத்
தடவிக்கொண்டிருந்த பிறகே
பால் விட்டாள்.